வேப்பர் லாக்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

சேலத்திலிருந்து, திங்கள் இரவு

நண்பர்களுக்கு வணக்கம். ஐடிஐ மாணவர்களுக்காக, பழைய கார்ப்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டிகள் பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் ஓரளவு வந்துவிட்டது. 'வேப்பர் லாக்' மட்டும் மசியவில்லை.

நடப்பது இதுதான். அம்பாசடரோ பத்மினியோ உச்சி வெயிலில் ஏற்காடு ஏறுகிறது. 20 கொண்டை ஊசி வளைவும் முதல், இரண்டாம் கியரில்தான். பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டி இருப்பதால் சூடு நேராக ஏறும். டேங்கிலிருந்து உறிஞ்சி இழுக்கிற குழாயில் அழுத்தமும் குறைவு. பெட்ரோலின் இலேசான பகுதி 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் பம்புக்குள் பெட்ரோலைத் தள்ளுகிற சவ்வு, அதாவது டயாஃப்ரம், ஆவிக்குமிழியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர, பெட்ரோல் நகராது. வண்டி நிற்கும். செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. அரைமணி ஆறவிட்டால் சமர்த்தாகக் கிளம்பும்.

'ஆவியடைப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அடைப்பு என்றதும் பையன்கள் ஃபில்டரைக் கழற்றுகிறார்கள், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை ஊதுகிறார்கள். அங்கே தூசியே கிடையாது. வேறு சொல் உண்டா?

மதுரையிலிருந்து

ஆவிப்பூட்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்? பொற்குடம் என்றால் பொன்னாலாகிய குடம், ஆவிப்பூட்டு என்றால் ஆவியாலாகிய பூட்டு. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. மூலத்துக்கும் பொருந்துகிறது.

தஞ்சையிலிருந்து

ஐயா, ஆவியைப் பூட்டுவது என்று இரண்டாம் வேற்றுமையாகவும் விரியுமே? பூட்டியது யார், பூட்டப்பட்டது எது என்று மாணவன் எப்படி அறிவான்? தவிர, பூண் என்பதன் பிறவினை பூட்டு. 'வண்டி பூட்டு' என்று தாத்தா சொன்னால் வண்டி கிளம்பப் போகிறது என்று அர்த்தம். இங்கே பூட்டினால் வண்டி நிற்கிறது!

என் பரிந்துரை: கன்னெய் ஆவிமறியல். பெட்ரோல் என்று எழுதுவதை முதலில் விடுங்கள். கல் + நெய் = கன்னெய், இலக்கணம் பழுதில்லை. சாலை மறியல் போல ஆவி வழியை மறிக்கிறது.

ஆவி என்பதே எவ்வளவு ஆழமான சொல்! ஆவித்தல் என்றால் வாய் திறத்தல், மூச்சு விடுதல். கொட்டாவியில் இன்றும் இருக்கிறது. அகநானூற்றின் முதல் பாட்டிலேயே பொதினிக்குரிய நெடுவேள் ஆவி வருகிறான். பொதினிதான் இன்றைய பழனி. பேகனைச் சிறுபாணாற்றுப்படை 'ஆவியர் பெருமகன்' என்கிறது. இந்த ஆவியும் அந்த ஆவியும் ஒன்றா என்று தனி இழையில் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் இன்றிருந்தால் பத்மினியின் பம்புக்கு ஈரத்துணி போர்த்தியிருப்பான். அதுதானே இதற்கு வைத்தியம்.

பட்டறையில் எல்லாரும் சொல்வது 'ஏர் லாக்'. அதையே போடுங்கள். எந்தப் பெயர் வைத்தாலும் சரி, பையன் முதலில் ஸ்பார்க்கைப் பார்க்க வேண்டும். சூடேறினால் ஸ்பார்க் தருகிற காயிலும் கண்டென்சரும்கூட இப்படித்தான் சாகும், ஆறினால் இப்படித்தான் பிழைக்கும். நீலமாக ஸ்பார்க் வந்தால், காயில் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்ப்பரேட்டர் பக்கக் குழாயை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்பு நன்றாக இருக்கிறது. நுரைத்துக்கொண்டு வந்தால் நீங்கள் சொல்வதுதான். பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் கதையே வேறு, பெட்ரோல் அளவுக்கு மேல் வழிகிற ஓவர்ஃப்ளோ.

சேலத்திலிருந்து

சோதனை வரிசை அருமை, அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். 'ஏர் லாக்' மட்டும் வேண்டாம். டீசல் வண்டியில் காற்று புகுந்தால் சொல்வது அது. அதற்கு ஏர் எடுக்க வேண்டும். இங்கே வெளிக்காற்று புகவே இல்லை, பெட்ரோலே ஆவியானது. ஆறவிட்டால் போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

மறியல் வேண்டாம் ஐயா. எங்கட ஊரில் மறியல் என்றால் சிறை. 'ஆவிமறியல்' என்று எழுதினால் ஆவியைப் பிடித்து உள்ளே போட்டதாகத்தான் விளங்கும். பூட்டிலுள்ள அதே குழப்பம்.

இன்னொரு விஷயம். பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோலைக் கார்ப்பரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகை கக்கும், ஆனால் இந்த நோய் வராது. மண்ணெண்ணெய் கொதிக்க 150 டிகிரிக்கு மேல் வேண்டுமே. ஆகவே பெயரில் 'கொதி' இருந்தால் காரணம் விளங்கும். கொதித்தடை?

மதுரையிலிருந்து

கொதித்தடை என்றால் கொதிப்பதைத் தடுப்பது என்று ஆகிவிடும். ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிடலாம்.

தஞ்சையிலிருந்து

கன்னெய் பற்றி யாருமே பதில் சொல்லவில்லை.

சேலத்திலிருந்து, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. பூட்டுக்கு ஒருவர், மறியலுக்கு ஒருவர், கொதிக்கு ஒருவர், ஏர் லாக்கே போதும் என்று ஒருவர். 'ஆவித்தடை' என்று போட்டுவிட்டேன். அடைப்பு இல்லை, பூட்டு இல்லை, யாருக்கும் சிறையும் இல்லை. முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'பட்டறையில் வேப்பர் லாக் என்பார்கள்' என்று ஒரு வரி. கன்னெய் அடுத்த பதிப்பில் பார்க்கலாம் ஐயா. காலையில் அச்சகம்.

கோவையிலிருந்து

சரி, போட்டது போட்டதாகவே இருக்கட்டும். ஆனால் பக்கத்துப் பாடத்தில் ரெசிஸ்டன்ஸுக்கு மின்தடை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? ஆவித்தடை என்றதும் பையன் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வருவான்.