நம்மைப் பற்றிய கணக்கை நாமே பார்ப்பது: செட்டிநாட்டு அனுபவங்கள்

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கண்மாய்ப் பாசனத்தில் சம்பா நெல் போடுகிற ஊர் எங்களுடையது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கியதிலிருந்து, காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காட்டைப் பிரீமியமாகக் கட்டி வருகிறோம். பால் பிடிக்கும் தருணத்தில் கண்மாய் வற்றிப் பயிர் காய்ந்துபோன ஒரு பருவத்தில், பக்கத்துக் கிராமத்துக்கு இழப்பீடு வந்தது, எங்களுக்கு வரவில்லை. கேட்கப் போனவர்களுக்கு, உங்கள் கிராமத்து மகசூல் குறையவில்லை என்பதுதான் பதிலாகக் கிடைத்தது. எந்த வயலை அளந்து அப்படிச் சொன்னார்கள் என்பது தெரியாமல் மேற்கொண்டு வாதாடிப் பயனில்லை என்று எங்களில் சிலருக்குப் பட்டது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டோம். சில வயல்களில் மட்டும் அறுத்து எடைபோட்டு ஊர் மகசூலைக் கணக்கிடுவதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை; எங்கள் கிராமத்தில் அது நடந்த வயல்களின் சர்வே எண், தேதி, நெல்லின் எடை ஆகியவற்றை மட்டும் கேட்டோம். சட்டப்படி 30 நாளில் வரவேண்டிய பதில், மேல்முறையீட்டுக்குப் பிறகே வந்தது. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், மடைக்கு அருகிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாயும் இடத்திலும் இருந்த வயல்களே பெரும்பாலும் அதில் அமைந்திருந்தது புரிந்தது. வயல்களைக் குலுக்கல் போன்ற முறையில் தேர்ந்தெடுப்பதால், இதை முறைகேடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சில வயல்களின் சராசரியே ஊர் முழுவதன் மகசூலாகிவிடும்போது, அந்த அளவீடு எப்படி எடுக்கப்படுகிறது என்பதில் ஊராருக்கு அக்கறை இருந்தே ஆகவேண்டும்.

அடுத்த பருவத்தில் பரிசோதனை நாளை முன்கூட்டியே விசாரித்து, அலுவலர் வரும்போது நாங்களும் வரப்பில் நின்றோம். நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்து, பக்கத்துக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, சதுரம் கோணாமல் இருக்கிறதா என்று மூலைக்கு மூலை 7.07 மீட்டர் வருவதையும் சரிபார்த்தார்கள். கூட நின்ற அப்பத்தா ஒருவர், “கயித்து மேல நிக்கிற குத்து எந்தக் கணக்குல சேரும், தம்பி?” என்று கேட்டார். தூர் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால்தான் அறுக்கவேண்டும் என்று அலுவலர் பொறுமையாக விளக்கி, ஓரக் குத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி அறுக்கச் சொன்னார். அந்தக் கேள்வியின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்: 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ கூடினால், ஏக்கருக்கு ஏறத்தாழ 160 கிலோ கூடிவிடும். அடித்துத் தூற்றி எடைபோட்டதை எங்கள் நோட்டிலும் எழுதிக்கொண்டோம். அலுவலரும் அதே எடையைத்தான் கைபேசிச் செயலியில் பதிவேற்றினார். படித்தவர்கள் விவகாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளும் தரவு, இப்படிக் கயிறும் தராசுமாக நம் வயலில்தான் உருவாகிறது.

—

மேலே எழுதியவருக்குக் காரைக்குடியிலிருந்து என் வணக்கம். எனது அனுபவம் சிறியது, ஆயினும் இந்தப் பக்கத்துப் பல வீடுகளுக்குப் பொருந்தும்.

எங்கள் தெருவில் ஆச்சி ஒருவர் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டில். ரேஷன் கடையில் பொருள் வாங்கினால் குறுஞ்செய்தி வரும் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அவருடைய கைபேசிக்கு ஒருமுறையும் வந்ததில்லை. குடும்ப அட்டையில் பதிவாகியிருந்தது, மகன் என்றோ விட்டுவிட்ட பழைய எண். இ-சேவை மையத்துக்கு அழைத்துச் சென்று ஆச்சியின் எண்ணையே பதிந்தோம். அதன்பின் வந்த ஒரு செய்தியில், அவர் வாங்காத பாமாயில் ஒரு லிட்டரும் வாங்கியதாக இருந்தது. ஆச்சி கைபேசியோடு கடைக்குப் போய்க் காட்டினார். தவறுதலாகப் பதிவாகிவிட்டது என்று சொல்லி எண்ணெயைக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் 1967 என்ற எண்ணில் புகார் செய்வதற்கும் அவர் தயாராகவே இருந்தார்.

இதில் எனக்கு வியப்பில்லை. ஆண்டு முடிந்தால் ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு) எடுத்துப் பார்க்கும் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். கோயிலுக்குப் புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டும் பங்கு) கட்டினால் வரவு செலவைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். கைபேசிக்கு வரவேண்டிய கணக்கு அவர் கண்ணில் படாமல் இருந்ததுதான் குறை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு இணைப்பு ஆகிய நான்கிலும் யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்று அடுத்த முறை ஊருக்கு வரும்போது பாருங்கள். பெரியவர்களுக்குக் குறுஞ்செய்தி படிக்கச் சிரமமாக இருந்தால், அவர்கள் நம்பும் அக்கம்பக்கத்தார் ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ரகசியக் குறியீட்டு எண் (ஓ.டி.பி.) வரும் செய்தியை மட்டும் யாரிடமும் காட்டக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.