நடு ஆட்டத்தில் 2024 விதிகளுக்கு மாறலாமா?

பாளை டிஎம்:
வண்ணார்பேட்டையில் ஞாயிறுதோறும் டி அண்ட் டி (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை நடத்தும் டேபிள் ஆட்டம்) ஆடும் எங்கள் குழுவில் கிளம்பிய பேச்சு இது. வெளியாட்களும் கருத்துச் சொல்லலாம். நாங்கள் ஆடுவது 2014 விதிகளில், கதையை நடத்தும் டிஎம் நான், நானே எழுதிய கதை. கொற்கைத் துறைமுகத்தில் முத்துக்குளிக்கிறவர்கள் காணாமல் போனார்கள். அவர்களைத் தேடி ஆற்றோரமாகவே மேலேறி, இப்போது முதுமக்கள் தாழிகள் புதைந்த காட்டின் வாசலில் நிற்கிறோம். எல்லாருடைய பாத்திரமும் ஏழாம் லெவல் (தேர்ச்சிப் படி). திருத்திய விதிப் புத்தகங்களில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரில் வந்தது, டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நவம்பரில், மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில். மூன்றும் என் கைக்கு வந்துவிட்டன. வரும் ஞாயிறே மாறிவிடலாம் என்பது என் எண்ணம்.

ஜங்ஷன் பாலடின்:
அக்கா, நான் ஆடுவது பாலடின் (தெய்வ சக்தி கொண்ட வீரன்), எனக்குச் சம்மதம் இல்லை. பழைய விதிப்படி அடி விழுந்த பிறகு ஒரு ஸ்லாட்டை (மந்திரக் கையிருப்பு) செலவழித்து டிவைன் ஸ்மைட் என்ற கூடுதல் அடி போடலாம். ஒரே டர்னில் (தன் முறையில்) இரண்டு அடி விழுந்தால் இரண்டுக்கும் போடலாம். இரண்டாம் நிலை ஸ்லாட் என்றால் ஒன்றுக்கு 3டி8 (எட்டுமுகப் பகடை மூன்று), இரண்டுக்கு 6டி8. புதியதில் ஸ்மைட் ஒரு ஸ்பெல் (மந்திரம்). டர்னுக்கு ஒரு தடவையே கிடைக்கும் துணைச் செயலான போனஸ் ஆக்‌ஷனும் வேண்டும். அதனால் டர்னுக்கு ஒன்றுதான். வாய்விட்டுச் சொல்லும் ஸ்பெல் என்பதால் ஒலியை அடக்கும் சைலன்ஸ் வட்டத்துக்குள் போடவே முடியாது. எதிரி கவுண்டர்ஸ்பெல் (எதிர்மந்திரம்) போட்டும் தடுக்கப் பார்க்கலாம்.

தாழிக்காட்டு ராணியை வீழ்த்துவேன் என்று கொற்கையில் சபதம் எடுத்தவன் என் பாலடின். லெவல் ஏறும்போதெல்லாம் அந்தச் சண்டையை மனதில் வைத்தே ஒவ்வொன்றையும் எடுத்தேன். ராணியோ மந்திரக்காரி. அவள் வாசலுக்கு வந்த பிறகு விதியை மாற்றுவது நியாயமே இல்லை.

பாளை டிஎம்:
தம்பி, ஃபைட்டரையும் (ஆயுத வீரன்) கொஞ்சம் நினைத்துப் பார். பெரிய சண்டை எதுவும் உன் இரண்டாவது டர்னைத் தாண்டுவதில்லை. அவன் "அடிக்கிறேன், மறுபடி அடிக்கிறேன்" என்பதற்கு மேல் சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். புதிய புத்தகத்தில் வெப்பன் மாஸ்டரி வந்திருக்கிறது. போர்க்கோடரி எதிரியைக் கீழே சாய்க்கலாம், வார்ஹாமர் பத்தடி தள்ளும், கிரேட்ஸ்வார்டு குறி தவறினாலும் கொஞ்சம் காயம் உண்டு. பாலடினுக்கும் இது உண்டு. நீ தொட்டுக் குணப்படுத்தும் லே ஆன் ஹேண்ட்ஸும் இனி போனஸ் ஆக்‌ஷன். விழுந்த ஒருவனை எழுப்பிவிட்டு அதே டர்னில் அடிக்கவும் செய்யலாம்.

இன்னொன்று, பதுங்கித் தாக்குதல். பழைய விதியில் ஏமாந்தவர் தன் முதல் டர்னில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வீட்டு வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறி வருகிறவரை அரைமணி நேரம் சும்மா உட்கார வைக்க எனக்கு மனமில்லை. புதியதில் இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசை) உருட்டும்போது டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுப்பது) மட்டும்தான்.

சங்கரன்கோவில் கிளெரிக்:
நான் அக்கா பக்கம். என் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) போடும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் 1டி8 குணப்படுத்தியது, இப்போது 2டி8. போஷன் (குணமாக்கும் மருந்து) குடிக்கவும் போனஸ் ஆக்‌ஷன் போதும். களைப்பு விதியைப் பாருங்கள்: முன்பு ஆறு படிக்கும் ஆறு விதமான பாதிப்பு, ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் புரட்டுவோம். இப்போது படிக்கு, உருட்டும் எண்ணில் 2 குறையும், வேகம் ஐந்தடி குறையும், ஆறாவது படியில் சாவு. மனப்பாடமே ஆகிவிடும்.

அம்பை ரேஞ்சர்:
நான் டி அண்ட் டி மூன்றாம் பதிப்புக் காலத்து ஆள். 2000-இல் அது வந்தது, மூன்றே வருடத்தில் 3.5 என்ற திருத்தம் வந்தது. 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது பழையதை விட மனமில்லாத கூட்டம் 2009-இல் பாத்ஃபைண்டர் என்ற வேறு ஆட்டத்தின் பக்கம் போனது. சும்மா முரண்டு பிடித்தார்கள் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. ஆட்டக்காரர் மனதில் ஏறிய விதி வெறும் அச்செழுத்தாக இருப்பதில்லை.

2024 ஆகஸ்டில் நடந்ததும் நினைவிருக்கும். ஆட்டத்தை வெளியிடுகிறவர்கள், டி அண்ட் டி பியாண்ட் என்ற தங்கள் இணையதளத்தில் பழைய ஸ்பெல்களையும் மந்திரப் பொருள்களையும் புதியவையாக மாற்றிவிடுவோம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பிய சில நாளிலேயே பின்வாங்கினார்கள். புதிய விதி கெட்டது என்பதால் யாரும் கத்தவில்லை. தன் ஷீட்டில் (பாத்திரக் குறிப்புத் தாள்) தன்னைக் கேட்காமல் கை வைத்தார்களே, அதற்குத்தான். டிஎம் அம்மா, நீங்களும் இப்போது கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

என் ஆள் ஹாஃப்-எல்ஃப் (பாதி மனிதன், பாதி எல்ஃப்). புதிய புத்தகத்தில் அந்த இனமே இல்லை. பழையதைக் கொண்டுவரலாம் என்கிறார்கள், சரி. ஆனால் எபிலிட்டி ஸ்கோர் (வலிமை, அறிவு போன்ற திறன் எண்) கூடுவது இப்போது இனத்திலிருந்து இல்லை, பாத்திரத்தின் பின்னணியிலிருந்து. என் ஷீட்டை அடியிலிருந்து எழுத வேண்டும்.

முக்கூடல் புதுசு:
அண்ணாச்சி, நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். எந்த கிளாஸாக (பாலடின், ஃபைட்டர் போன்ற வகை) இருந்தாலும் சப்கிளாஸ் (அதன் கிளை) மூன்றாம் லெவலில் என்பது எனக்குப் பெரிய உதவி. ஒரு புத்தகம் 49.99 டாலர், நம் காசில் நாலாயிரத்துக்கு மேல்; என்னால் வாங்க முடியாது. ஆனால் 2025 ஏப்ரலில் வந்த எஸ்ஆர்டி 5.2 (புதிய விதிகளின் சுருக்கத் தொகுப்பு) இலவசம். கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ் அதில் இருக்கிறது, ஆரம்பிக்க அது போதும்.

ஜங்ஷன் பாலடின்:
இலவசம் என்றால் பழையதும் இலவசம்தான். ஓஜிஎல் என்ற உரிமத்தைப் பற்றிய சண்டைக்குப் பிறகு 2023 ஜனவரியிலேயே பழைய விதிகளின் எஸ்ஆர்டி 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் விட்டுவிட்டார்கள். அதை இனி யாரும் திரும்பப் பெற முடியாது.

பாளை டிஎம்:
சரி, இப்படிச் செய்யலாமா? தாழிக்காடு முடியும் வரை 2014. போஷனும் பதுங்கித் தாக்குதலும் மட்டும் இந்த ஞாயிறு முதல் புதிய விதிப்படி. அடுத்த கதை பொதிகையில், முழுக்க 2024.

சங்கரன்கோவில் கிளெரிக்:
அக்கா, இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மாறினால் முழுக்க மாறுங்கள். அங்கே இரண்டு, இங்கே இரண்டு என்று பொறுக்கினால் எந்த விதி எந்தப் புத்தகத்தில் என்று ஒவ்வொரு சண்டையிலும் தகராறு வரும். புதுசாக வந்தவருக்கு அது இன்னும் கஷ்டம்.

அம்பை ரேஞ்சர்:
இரண்டே விதி. ஒரு தாளில் எழுதி டேபிளில் ஒட்டிவிடலாம். நான் சம்மதிக்கிறேன்.

ஜங்ஷன் பாலடின்:
போஷனுக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் ராணியின் ஆட்களும் போனஸ் ஆக்‌ஷனில் போஷன் குடிப்பார்களா? அதை ஞாயிறுக்கு முன்பே சொல்லிவிடுங்கள் அக்கா.

பாளை டிஎம்:
குடிப்பார்கள்.