ட்ரூ கவுண்ட் ஏறும்போது பெட்டை எவ்வளவு ஏற்றுவது?

புதுக்கணக்கு:
பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணும் ஹை-லோ முறை (2 முதல் 6 வரை +1; பத்து, படச்சீட்டு, ஏஸ் -1) ஓரளவு கைக்கு வந்துவிட்டது, ஒரு கட்டை 25 விநாடிக்குள் தப்பில்லாமல் எண்ண முடிகிறது. இடிப்பது பெட்டில், அதாவது பந்தயத் தொகையில்தான். மேசை 6 கட்டு ஷூ (சீட்டு எடுத்துத் தரும் பெட்டி), டீலர் சாஃப்ட் 17-ல் (ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17) நிற்பார், ஸ்ப்ளிட்டுக்குப் (ஜோடிச் சீட்டை இரண்டு கையாகப் பிரிப்பது) பிறகு டபுள் (பெட்டை இரட்டித்து ஒரே சீட்டு வாங்குவது) உண்டு, பிளாக்ஜாக்குக்கு (ஏஸும் பத்தும்) 3-க்கு 2, அதாவது ஒன்றரை மடங்கு. நாலரைக் கட்டு போனதும் கட் கார்டு (கலைக்கும் இடத்தைக் காட்டும் அட்டை). கைமுதல் 500 யூனிட். 1 யூனிட் என்பது மேசையின் குறைந்தபட்ச பெட். இப்போதைய முறை: ரன்னிங் கவுண்ட் (இதுவரை வந்த சீட்டுகளின் கூட்டல்) +6 தொடும்வரை 1 யூனிட், தொட்டதும் நேரே 12. இப்படித் தாவலாமா, படிப்படியாக ஏற்ற வேண்டுமா? தோற்ற கைக்கு அடுத்தே ஏற்றினால் பிட் பாஸ் (மேசைகளைக் கண்காணிப்பவர்) கண்ணில் படுமா?

கட்டெண்ணி:
தாவலா படியா என்பது அப்புறம். முதல் கோளாறு, ரன்னிங் கவுண்ட்டை வைத்துப் பெட் போடுவது. ஒரு கட்டு போயிருக்கும்போது +6 என்றால் மீதி 5 கட்டு. ட்ரூ கவுண்ட், அதாவது ரன்னிங் கவுண்ட்டை மீதிக் கட்டுகளால் வகுத்தது, ஒன்றே சொச்சம். கீழே முழுமையாக்கினால் 1. அதே +6, மீதி 2 கட்டில் வந்தால் 3. இரண்டுக்கும் 12 யூனிட் வைக்கிறீர்கள்.

இந்த விதிகளில் ஷூவின் தொடக்கத்தில் கேசினோவுக்கு ஏறக்குறைய அரை சதவீதம் சாதகம். ட்ரூ கவுண்ட் ஒன்று ஏறினால் உங்கள் பக்கம் அரை சதவீதம் நகரும். ஆகவே +1-ல் சமம், +2-ல் 0.5%, +3-ல் 1%, +4-ல் 1.5%, +5-ல் 2%. பெட் இந்தச் சாதகத்தைப் பின்தொடர வேண்டும்.

கெல்லி கணக்கு (சாதகத்துக்கு ஏற்பக் கைமுதலில் எவ்வளவு வைப்பது என்ற சூத்திரம்) எளிது: சாதகத்தை 1.3-ஆல் வகுத்து (ஒரு கையின் வேரியன்ஸ், அதாவது முடிவுகளின் சிதறல், ஏறக்குறைய அவ்வளவு) கைமுதலால் பெருக்குங்கள். +3-ல் 500 யூனிட்டுக்கு வருவது 3.8. நீங்கள் வைப்பது 12, அதாவது முழுக் கெல்லியைப் போல் மூன்று மடங்கு. இரண்டு மடங்கைத் தாண்டினாலே, சாதகம் கையில் இருந்தும் நாளாவட்டத்தில் கைமுதல் தேயும். கவுண்ட் சரியாக இருந்தும் பணம் கரைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

முழுக் கெல்லியும் வேண்டாம், பாதி போதும். வளர்ச்சியில் முக்கால் பங்கு கிடைக்கும், ஏற்ற இறக்கம் பாதியாகும். மேசையில் மனக்கணக்காகச் செய்ய ஒரு வழி: 1000 யூனிட் கைமுதல் இருந்தால் பெட் = (ட்ரூ கவுண்ட் கழித்தல் 1) × 2. +2-க்கு 2, +3-க்கு 4, +4-க்கு 6, +5-க்கும் மேலும் 8. +1-ம் அதற்குக் கீழும் 1 யூனிட். 1500 இருந்தால் × 3, அப்போதுதான் உச்சம் 12 வரும். உங்கள் 500-க்கு × 1, உச்சம் 4 யூனிட்.

ஆறு கட்டில் எல்லாக் கையும் உட்கார்ந்து ஆடினால் 1-க்கு 4 பரவல் (குறைந்த பெட்டுக்கும் உச்ச பெட்டுக்கும் உள்ள விகிதம்) காணாது. பெரும்பாலான கைகள் +1-க்குக் கீழேதான் வரும். அங்கே சிந்துவதை 4 யூனிட் உச்சம் மீட்காது. ஆக, பாதிக் குறைந்தபட்சம் உள்ள மேசை தேடுங்கள், கைமுதலைக் கூட்டுங்கள், அல்லது -1-க்கு இறங்கியதும் எழுந்துவிடுங்கள். முதல் வழிதான் உருப்படி.

வெட்டுச்சீட்டு:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு சேர்க்கை. வகுக்கும் எண்ணை டிஸ்கார்ட் ட்ரேயில் (ஆடி முடிந்த சீட்டுகளின் தட்டு) பார்த்துப் பழக வேண்டும். ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று கட்டுகளை அடுக்கி, பக்கவாட்டில் பார்த்து உயரத்தை மனதில் பதியுங்கள். அரைக் கட்டுப் பிழை ஷூவின் தொடக்கத்தில் பெரிதாகத் தெரியாது. கடைசியில்தான் அடி: ரன்னிங் +9, மீதி 2 கட்டு என்றால் 4, மீதி ஒன்றரை என்றால் 6. பெரிய பெட் போகும் இடமும் அதுதான்.

பிட் பாஸ் விஷயம். "வென்றால் மட்டும் ஏற்று, தோற்றால் ஏற்றாதே" என்று ஒரு பழைய அறிவுரை உண்டு. பார்க்க இயல்பாக இருக்கும், விலை அதிகம். சின்னச் சீட்டுகள் கொட்டும் சுற்றில்தான் கவுண்ட் ஏறும். அதே சின்னச் சீட்டுகள் டீலரின் 14-ஐயும் 15-ஐயும் 21-ஐத் தாண்டி உடையாமல் காப்பாற்றும். அதனால் கவுண்ட் ஏறுவதும் நீங்கள் தோற்பதும் சேர்ந்தே வரப் பார்க்கும். வெற்றிக்குக் காத்திருந்தால் நல்ல ஷூவின் பாதி போய்விடும்.

என் கருத்து: +2-லிருந்து +4-க்கு ஒரே சுற்றில் தாவினால் பெட்டும் தாவட்டும். வென்ற கை என்றால் சில்லுகளை அப்படியே விட்டு மேலே இரண்டு வைத்தால் போதும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தோற்ற கைக்குப் பிறகு பையிலிருந்து நேரே 6 யூனிட் அடுக்குவது கண்ணை உறுத்தத்தான் செய்யும். தோற்றதைத் துரத்துகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள் என்பது நமக்கு ஆறுதல். உண்மையில் மாட்டிவிடுவது கலைத்த பிறகு 8-லிருந்து 1-க்கு விழுவது. புது ஷூவின் முதல் கையில் 3 யூனிட் வைத்தால் கூடுதல் இரண்டு யூனிட்டுக்கு எதிர்பார்ப்பு இழப்பு 0.01 யூனிட். அந்த ஒரு கைக்கு மட்டும் மலிவான வேஷம். அதையே பத்துக் கைக்கு நீட்டினால் வேஷமே தொழிலாகிவிடும்.

புதுக்கணக்கு:
நன்றி. 1000 யூனிட் சேர்த்துவிட்டு 8 உச்சத்தோடு உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு மேசைக்கு எவ்வளவு கொண்டுபோவது? இரண்டு கை பரப்பலாமா?

பொறுமை21:
8 யூனிட் பெட்டில் எட்டு-எட்டு வந்து நான்கு கையாகப் பிரிந்து, நாலும் டபுள் ஆனால் 64 யூனிட் மேசையில். அபூர்வம்தான். ஆனால் 8-ல் 11 வந்து டபுளுக்குச் சில்லு இல்லாமல் வெறும் ஹிட் (பெட்டை ஏற்றாமல் ஒரு சீட்டு) எடுப்பது அபூர்வமே இல்லை, கையில் 50 யூனிட்டோடு உட்காருகிறவர்களுக்கு நடப்பது. சாதகத்தின் ஒரு பகுதி டபுளிலும் ஸ்ப்ளிட்டிலும்தான் இருக்கிறது. 200-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். +3-ம் அதற்கு மேலும் டீலர் ஏஸ் காட்டினால் இன்சூரன்ஸ் (டீலருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்ற பக்கப் பந்தயம்) எடுக்க வேண்டும். அதற்குப் பெட்டில் பாதி, தனியாக.

எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள். 1-8 பரவலில் 100 கைக்கு லாபம் சராசரியாக ஒரு யூனிட்டை ஒட்டித்தான். ஏற்ற இறக்கமோ 30 யூனிட் அளவில். ஒரு வார முடிவை வைத்துப் பெட்டைக் கூட்டுவதோ குறைப்பதோ அர்த்தமில்லை.

இரண்டு கை: இரண்டும் ஒரே டீலர் கையை எதிர்ப்பதால் சேர்ந்தே விழும், சேர்ந்தே எழும். ஆகவே ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கை பெட்டில் முக்கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். 8-க்குப் பதில் 6 + 6. மேசையில் இன்னும் மூன்று நான்கு பேர் இருந்தால் இது லாபம், நல்ல சீட்டில் உங்கள் பங்கு கூடும். தனியாக ஆடினால் வேண்டாம். இருக்கிற நல்ல சீட்டை நீங்களே சீக்கிரம் தின்றுவிட்டுச் சுற்றுகளைக் குறைத்துக்கொள்வீர்கள்.

திவால் அபாயத்துக்கு ஒரு கணக்கு: கைமுதலை மாற்றாமல் எல்லா பெட்டையும் இரட்டித்தால் புது அபாயம் பழையதன் வர்க்கமூலம். 1% இருந்தது 10% ஆகும். பாதியாக்கினால் வர்க்கம்: 10% இருந்தது 1%. முழுக் கெல்லி அளவில் பெட்டைக் குறைக்காமலே ஆடினால் 13.5%, பாதிக் கெல்லியில் 1.8%. கவுண்டுக்குக் காத்திருக்கும் ஒற்றை யூனிட் இழப்பைச் சேர்த்தால் இரண்டும் இன்னும் ஏறும். ஆக 1000 என்பது 700 ஆனதும் பெருக்கும் எண்ணை 2-லிருந்து ஒன்றரைக்கு இறக்குங்கள். ஏற்றுவதும் அப்படியே, 1500-ஐத் தொட்ட பிறகு. ஆட்டத்தின் நடுவில் அல்ல, வீட்டில் உட்கார்ந்து.

கட்டெண்ணி:
ஏற்றவே கூடாத மேசைகளும் உண்டு. பிளாக்ஜாக்குக்கு 6-க்கு 5 (1.2 மடங்கு) தந்தால் கூடுதலாக 1.4% அளவில் போகும். மேலே சொன்ன படிகள் எல்லாம் கிட்டத்தட்ட மூன்று ட்ரூ கவுண்ட் தள்ளிப்போகும், அந்த மேசைக்குப் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு கைக்கும் சீட்டை உள்ளே விழுங்கிக் கலைக்கும் இயந்திரம் இருந்தால் எண்ணுவதற்கே ஒன்றுமில்லை. கட் கார்டு 3 கட்டிலேயே செருகினால் பெரிய கவுண்ட் அரிது.

இடத்தைப் பொறுத்தும் பரவல் மாறும். அமெரிக்காவின் நெவாடாவில் மனதால் எண்ணுவது குற்றமில்லை, ஆனால் ஆட விடாமல் வெளியே அனுப்பலாம். எண்ண உதவும் கருவியைப் பயன்படுத்துவது 1985 முதல் குற்றம். அட்லாண்டிக் சிட்டியில் சீட்டு எண்ணும் ஆட்டக்காரர் கென் அஸ்டன் வழக்கில் 1982-ல் வந்த நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எண்ணுகிறார் என்பதற்காக மட்டும் கேசினோ தானாக விலக்க முடியாது. பதிலுக்குப் பெட் ஏறியதும் கலைத்துவிடுவார்கள். நீங்கள் 8 வைத்த அடுத்த நொடி இரண்டு முறை கலைத்தால் அது தற்செயல் இல்லை, அன்றைக்கு அந்த மேசை முடிந்தது.