லாம்டாவில் இயங்கும் செயலியைப் பைத்தன் 3.8 இலிருந்து 3.12 இற்கு மாற்றும்போது எதை முதலில் சோதிக்க வேண்டும்?

படுவான்கரையான்:
வணக்கம். படுவான்கரையிலுள்ள பாற்பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் செயலியைப் பராமரித்து வருகிறேன். கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பகுதிகளின் சேகரிப்பு நிலையங்களில் விடியற்காலையில் அளக்கப்படும் பாலின் லீற்றரும் கொழுப்பு அளவும் கைபேசியில் பதிவாகும்; உடனே பண்ணையாளருக்குத் தமிழில் ஒரு பற்றுச்சீட்டு படமாகப் போய்ச் சேரும். இவை அனைத்தும் அமேசானின் முகில் சேவையான லாம்டாவில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன், பைத்தன் 3.8 இல் இயங்குகின்றன. அந்தப் பதிப்புக்கான பராமரிப்பு 2024 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. ஒரு காலைப் பதிவு தவறினாலும் பண்ணையாளரின் கொடுப்பனவு குறைந்துவிடும் என்பதால், அமைப்பில் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருக்க எனக்கு மனமில்லை.

கல்முனை நிரலாளர்:
பழைய பதிப்பு உடனே நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, பின்னர் ஒரு கட்டத்தில் நிரலைப் புதுப்பிக்கவும் முடியாமற் போகும். ஆகவே இப்போதே மாற்றுவதுதான் சரி.

உங்கள் சொந்த நிரலைவிட, அதனுடன் பொதியும் நூலகங்களையே முதலில் பாருங்கள். லாம்டாவில் 3.8 அமேசான் லினக்ஸ் 2 மீதும் 3.12 அமேசான் லினக்ஸ் 2023 மீதும் இயங்குவதால், மொழியோடு சேர்த்து அடியிலுள்ள இயங்குதளமும் மாறுகிறது. போஸ்ட்கிரெஸ் இணைப்பு நூலகம், படம் வரையும் பில்லோ போன்ற தொகுக்கப்பட்ட நூலகங்கள் 3.8 இற்கென்று உருவானவையாக இருந்தால் 3.12 இல் ஏறவே மாட்டா. அவற்றை லாம்டாவின் 3.12 சூழலை அப்படியே தரும் டொக்கர் படிமத்துக்குள் புதிதாக நிறுவிப் பொதியுங்கள்.

பைத்தனுடனேயே வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் (பொதியாக்கத்துக்கு), இம்ப் (கூறுகளை ஏற்றுவதற்கு) ஆகிய இரண்டு கூறுகளும் 3.12 இல் நீக்கப்பட்டுள்ளன. உங்கள் கணினியில் முதலில் 3.11 ஐ நிறுவி, எச்சரிக்கைகள் அனைத்தையும் பிழையாகக் காட்டுமாறு அமைத்துச் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். அந்தப் பதிப்பில் இரண்டும் இன்னும் இருப்பதால், எந்த நூலகம் அவற்றை அழைக்கிறது என்பது எச்சரிக்கையிலேயே தெரிந்துவிடும். முகிலில் 3.11 இற்குப் போக வேண்டியதில்லை.

எழுவான்கரை:
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆயினும் எனக்குப் பெரிய கவலை பற்றுச்சீட்டைப் பற்றியது, ஏனெனில் அங்கே பிழைச் செய்தி எதுவும் வராது. தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்க பில்லோவுக்கு ராக்ம் என்ற கூறு தேவை. அதற்கு இயங்குதளத்தில் எழுத்துத் திசையைக் கையாளும் ஃப்ரிபிடி நூலகம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பில்லோ சத்தமின்றி எளிய முறைக்குத் திரும்பிவிடும். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய் விழும். பழைய பொதியில் யாரோ எப்போதோ சேர்த்த ஃப்ரிபிடி, புதிய பொதியில் விடுபட்டுப் போவது மிக எளிது. தன் பெயர் சிதைந்த சீட்டைப் பண்ணையாளர் நம்பமாட்டார். எனவே செயலி தொடங்கும்போதே பில்லோவின் வசதிப் பட்டியலில் ராக்ம் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் பிழையுடன் நிறுத்திவிடுங்கள்.

படுவான்கரையான்:
மிக்க நன்றி. எங்கள் நிரலில் நேரம் முழுவதும், உலகப் பொது நேரமான யுடிசியை வலயக் குறிப்பின்றித் தரும் யுடிசிநவ் மூலமே எடுக்கப்படுகிறது. அதையும் இப்போதே மாற்ற வேண்டுமா?

கல்முனை நிரலாளர்:
3.12 அதைக் கைவிடப்படவுள்ளதாக அறிவிக்கிறதே தவிர நீக்கவில்லை. இந்த மாற்றத்துடன் அதைக் கலக்காமல், தனி வேலையாகப் பின்னர் செய்யுங்கள். அதற்கு மாற்றான முறை நேர வலயம் உள்ள நேரத்தைத் தரும்; அதையும் வலயம் இல்லாத பழைய நேரத்தையும் முன்பின் ஒப்பிட்டால் பைத்தன் பிழை எழுப்பும். சமமா என்று மட்டும் கேட்டால் பிழையின்றி இல்லை என்று சொல்லிவிடும், அதுவே கூடுதல் ஆபத்து. காலை 5 மணிக்கு அளந்த பால் யுடிசி கணக்கில் முந்தைய நாளின் 23.30 என்பதால், நாள் பிரிக்கும் இடத்தில் கொழும்பு வலயத்தைப் பைத்தனின் சோன்இன்ஃபோ கூறு மூலம் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். பைடிஇசட் என்ற வெளி நூலகத்தின் வலயத்தை, நேரத்தை உருவாக்கும் டேட்டைமில் நேரடியாகக் கொடுத்திருந்தால், யுடிசியிலிருந்து 5 மணி 30 நிமிடத்துக்குப் பதில் 5 மணி 19 நிமிடம் என்ற பழைய உள்ளூர் நேர வேறுபாடு வந்திருக்கும்; பழைய பதிவுகளில் 11 நிமிட விலகல் உள்ளதா என்றும் பாருங்கள்.

எழுவான்கரை:
வெளியிடும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. லாம்டாவில் வெளியிடப்பட்ட ஒவ்வொரு பதிப்பும் தன் இயக்கச் சூழலையும் சேர்த்தே வைத்திருக்கும். ஆகவே பதிப்புகளைச் சுட்டும் ஒரே மாற்றுப்பெயரின் கீழ் 3.8 பதிப்புக்கு 90 சதவீதமும் 3.12 பதிப்புக்கு 10 சதவீதமும் அழைப்புகளைப் பிரித்துவிடலாம். காலைச் சேகரிப்பு முடிந்த பிறகு, நண்பகலில் பிரிப்பைத் தொடங்குங்கள். சில சோதனைப் பதிவுகளை அனுப்பினால், மறுநாள் காலைக்குள் பதிவுகளையும் ஓரிரு சீட்டுகளையும் கண்ணால் பார்த்துவிடலாம். சந்தேகம் வந்தால் 3.12 இன் விகிதத்தைப் பூச்சியமாக்கினால் போதும், எதையும் மீண்டும் பொதிய வேண்டியதில்லை.