புதுப்பிப்பு: டிபிடி சிகிச்சையில் உண்மையில் என்ன நடக்கும்?

தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி (Dialectical Behavior Therapy, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை) பற்றிப் போன இழையில் எழுதியிருந்தேன். அதன் நான்கு அங்கங்கள்: வாராந்திரத் தனிச் சந்திப்பு, திறன் வகுப்பு, இடையில் ஃபோன் உதவி, சிகிச்சையாளர்களுக்கான ஆலோசனைக் குழு. "நடைமுறையில் என்ன செய்வார்கள்?" என்பதுதான் பலரின் கேள்வி.

சிகிச்சை பெறுபவர் தினமும் நிரப்பும் குறிப்பு அட்டையான டைரி கார்டில் தொடங்கும். தற்கொலை உந்துதலுக்கு தினமும் 0 முதல் 5 வரை மதிப்பெண். சந்திப்பில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். உயிர் சம்பந்தப்பட்டது இருந்தால் மற்றதெல்லாம் பிறகு. 4 போட்ட நாளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள்: முந்தின இரவு தூக்கமில்லை, காலையில் சாப்பிடவில்லை, மாலையில் ஃபோனில் சண்டை, "எல்லாருக்கும் நான் பாரம்" என்ற நினைப்பு. எந்த இடத்தில் வேறு வழி எடுத்திருக்கலாம்? ஒரு வாரத்துக்கான கார்டைக் கடைசி நாளில் மொத்தமாக நிரப்பினால் இந்த அலசல் படுத்துவிடும். அன்றைய மனநிலைதான் ஏழு நாளுக்கும் மார்க் போடும்.

உந்துதல் உச்சத்தில் இருப்பவரிடம் 'நிதானமாக யோசி' என்பது வீண். அந்த நேரத்துக்கு டிபிடி கற்றுத்தரும் ஒரு திறன்: முகத்தைக் குளிர்ந்த நீரில் மூச்சடக்கி 30 விநாடி வைத்தால் இதயத்துடிப்பு தணியும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. இதயநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது. கிடைப்பது சில நிமிட அவகாசம். அதற்குள் சிகிச்சையாளரை அழைக்க வேண்டும். காயப்படுத்திக்கொண்ட பிறகு அழைப்பதல்ல, முன்பே அழைப்பதுதான் ஃபோன் உதவியின் நோக்கம்.

சிகிச்சையாளர் இல்லாதவர்களுக்கு: மனநல உதவி எண்கள், இந்தியாவில் டெலி மானஸ் (அரசின் சேவை) 14416, இலங்கையில் 1926.