பிளாஸ்மாவில் ஊறிய நானோத்துகள் கழுவும்போது திரண்டுவிடுகிறது

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். மருந்து ஏற்றிய பிஎல்ஜிஏ (உடம்பில் சிதையும் ஒரு பாலிமர்) நானோத்துகளின் மேல் எந்தெந்த ரத்தப் புரதங்கள் ஒட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். ஒட்டாத புரதத்தைக் கழுவி நீக்கும் கட்டத்தையே தாண்ட முடியவில்லை.

பாஸ்பேட் பஃபரில் துகள் 115 நானோமீட்டர், பிடிஐ (அளவுகளின் பரவல்) 0.11, ஜீட்டா (மேற்பரப்பு மின்னழுத்தம்) மைனஸ் 26 மில்லிவோல்ட். புரதம் ஒட்டுவதைக் குறைக்கும் பெக் பூச்சு கிடையாது. 10 சதவீத மனித பிளாஸ்மாவில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, 15,000 ஜி-யில் 20 நிமிடம் சுழற்றுகிறேன். இரண்டாவது கழுவலில் குழாயின் அடியில் ஜவ்வு மாதிரி ஒரு கட்டி. பிப்பெட்டால் எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் பிரியாமல், நுனியில் இழையாகத் தொங்குகிறது. டிஎல்எஸ்ஸில் (ஒளிச்சிதறலால் துகள் அளவு காணும் முறை) 700 நானோமீட்டருக்கு மேல் காட்டுகிறது.

பிளாஸ்மாவை முதலிலேயே சுழற்றித் தெளியவைத்தேன். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்த பிளாஸ்மாவை விட்டு இடிடிஏ சேர்த்ததற்கு மாறினேன். வேகத்தைக் குறைத்தால் பாதித் துகள் மேலேயே நின்றுவிடுகிறது. சானிகேட்டரில் (ஒலி அலையால் அதிரவைக்கும் கருவி) 2 நிமிடம் வைத்தால் கட்டி உடைகிறது, சரி, ஆனால் ஒட்டிய புரதமும் கூடவே கழன்றால் நான் அளப்பதற்கு என்ன அர்த்தம்? துகள் போடாத பிளாஸ்மாவில் கட்டி வரவில்லை.

அப்புறம் சீரத்தில் இதையே செய்தேன். 150 நானோமீட்டரில் நின்றது. ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் திரவமான சீரத்தில் ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் இருக்காது, உறையும்போதே போய்விடும். ஆகவே என் சந்தேகம் அதன் மேல்தான். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லிலும் 50 முதல் 65 கிலோடால்டனுக்குள், ஃபைப்ரினோஜனின் மூன்று சங்கிலிகள் போல, மூன்று பட்டைகள் தெரிகின்றன. அதற்காக சீரத்தோடு நிறுத்திக்கொள்ள மனமில்லை, உடம்பில் ஓடுவது பிளாஸ்மா அல்லவா.

சுழற்றாமல், சைஸ் எக்ஸ்க்ளூஷன் முறையில் (ரெசின் மணிகள் நிரப்பிய குழாய் வழியே ஓடவிட்டு அளவுப்படி பிரிப்பது) இந்த அளவுத் துகளைப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தவர்கள் எந்த ரெசினைப் பயன்படுத்தினீர்கள்?