ஸ்டென்ட் வைத்த இடமே திரும்பச் சுருங்கினால்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன்:
மாமனாருக்குக் கோவையில் ஸ்டென்ட் (அடைத்த இதயக் குழாயைப் பலூனால் விரித்து உள்ளே வைக்கும் கம்பிவலை) வைத்தோம். சில மாதத்திலேயே மார்க்கெட் ஏற்றத்தில் பழையபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். ஆஞ்சியோவில் ஸ்டென்ட்டுக்குள்ளேயே சதை வளர்ந்திருந்தது. மாமியாரைக் கேட்டால் எல்லாம் வர்க்கி தின்ற வினை! டாக்டர் சொன்ன காரணம் வேறு. பலூன் விரியும்போது ரத்தக்குழாயின் உள்சுவரில் காயம் படுகிறது. அதை ஆற்றக் கிளம்பும் தசைச் செல்கள் அளவில்லாமல் பெருகி வழியை அடைக்கின்றன. ஸ்டென்ட் வருமுன், வெறும் பலூன் காலத்தில் 10 பேரில் 3, 4 பேருக்கு 6 மாதத்துக்குள் இப்படி ஆகுமாம்.

இதைத் தடுக்க ஒளியால் வேலை செய்யும் மருந்து பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். மருந்து அந்தச் செல்களில் சேர்ந்ததும், மெல்லிய ஒளியிழையைக் குழாய்க்குள் விட்டு அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் காட்டுவார்கள். அங்கே ஆக்சிஜன் வீரியமாகிச் செல்களை அழிக்கும். விலங்குகளில் நல்ல பலன், மனிதர்களிலும் சிறு அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அதற்குள் செல் பெருகாமல் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்துவிட்டது (அமெரிக்காவில் அனுமதி 2003). பிறகு யார் இதைத் துரத்துவார்கள்? மாமனாருக்கும் மருந்து பூசிய பலூன்தான் போட்டார்கள். இப்போது பரவாயில்லை.

குன்னூர் டீச்சர்:
அண்ணா, இதே வகை மருந்தால் அம்மாவுக்குக் கண்ணில் சிகிச்சை செய்தார்கள். மருந்தின் பெயர் வெர்டிபோர்ஃபின். கை நரம்பில் 10 நிமிடம் ஏற்றி, அப்புறம் விழித்திரையில் 83 விநாடி லேசர். உங்கள் டாக்டர் சொன்னது குழாய் மூடாமல் இருக்க. இங்கே கசியும் குழாயை மூடுவதற்கு. சிகிச்சை சுலபம், வீடு திரும்புவதுதான் பாடு. 5 நாள் வெயில் படக்கூடாது. சன்ஸ்கிரீன் உதவாது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மருந்தைத் தூண்டிவிடும். அதனால் இருட்டும்வரை கோவையில் உட்கார்ந்திருந்து, பிறகு பர்லியார் வழியாக மலையேறினோம். மறுநாள் மூடுபனிதானே என்று அம்மா கொடியில் துணி எடுக்கக் கிளம்பினார். கதவைப் பூட்டி வைத்தேன்.

ஊட்டி ரிட்டயர்டு:
வெண்படைக்குக் கார்போகரிசி அரைத்துப் பூசி இளவெயிலில் உட்கார வைப்பார் என் பாட்டி. அதில் இருப்பது சோரலென், அதுவும் ஒளி பட்டால் வேலை செய்யும் பொருள். அந்த வகை மருந்தையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்து ரத்தக்குழாய்த் தசைச் செல்களில் சோதித்திருக்கிறார்கள். அதற்காக யாரும் கார்போகரிசியை நெஞ்சுவலிக்குத் தின்ன வேண்டாம். பாட்டி வைத்தியத்திலேயே வெயில் கூடிப்போய்த் தோல் கொப்பளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோத்தகிரிக்காரன்:
சார், மாமியார் கண்ணில் இது படாமல் பார்த்துக்கொள்கிறேன். நாட்டு மருந்துக் கடை பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது.